வெண்கலமா, கண்ணாடியா? மலைக் கோயிலுக்கு ஒரு கதவு

ஏற்காட்டில் எங்கள் சிற்றாலயத்தைப் புதுப்பிக்கும் பேச்சு எழுந்ததும், தலைவாசல் கதவை வைத்துப் பங்கு மக்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள்.

கண்ணாடிக் கட்சியின் கையில் இருப்பது ஜெர்மனியின் ம்யூனிக் நகரத் திரு இருதய ஆலயத்தின் படம். 2000-இல் திறக்கப்பட்ட கோயில் அது. முகப்பே 14 மீட்டர் உயர நீலக் கண்ணாடிக் கதவு இரண்டு; சிறப்பு நாட்களில் முகப்பு முழுவதும் திறந்துவிடும். கண்ணாடியில் ஆணிகளாலான எழுத்துகள்; அவை சொல்வது யோவான் எழுதிய, இயேசு பட்ட பாடுகளின் வரலாறு. சிலுவையில் அறைந்த ஆணியே எழுத்தாகிறது. எனக்கே பொறாமையாக இருக்கிறது.

ஆனாலும் நான் வெண்கலக் கட்சி. ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்கு இத்தாலியச் சிற்பி மன்சூ 1964-இல் வெண்கலத்தில் செய்து முடித்த 'மரணக் கதவு' போதும் எனக்கு. கிறிஸ்துவின் சாவும் மரியாவின் சாவும் மேலே. அவர்களுக்குக் கீழே, பெயரில்லாத ஒரு தாயின் சாவும் இருக்கிறது. கதவின் உட்புறத்தில் திருத்தந்தை (போப்) இருபத்துமூன்றாம் யோவான். படிக்கத் தெரியாதவரும் நின்று படிக்கலாம்.

எடைக் கணக்கில் கண்ணாடிதான் வெல்லும். 12 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. அதே கனத்தில் வெண்கலம் 100 கிலோவைத் தாண்டும். சுவாமிமலையில் மெழுகு வார்ப்பில் செய்து, 20 கொண்டை ஊசி வளைவுகளில் லாரி ஏற்ற வேண்டும். செலவைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. கண்ணாடிக்கும் ஒரு வம்பு உண்டு: வலுவாவதற்காகச் சூடேற்றிப் பதப்படுத்திய பிறகு அதை அறுக்கவோ துளைக்கவோ முடியாது. உடைந்தால் புதிதாகவே செய்துவர வேண்டும்.

மூடுபனி நாளில் கண்ணாடிக்கு இருபுறமும் வெண்மைதான். 'உள்ளே வாருங்கள்' என்று அழைக்கும் தெளிவு போய்விடும். ஆனால் கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலியில், உள்விளக்கின் ஒளி பனிக்குள் கசிவதைக் கற்பனை செய்தால், கண்ணாடிக் கட்சியோடு சண்டைபோட மனம் வரவில்லை.

தீர்ப்பை மாற்றியது நம் மக்களின் கைதான். சுரூபத்தை, அதாவது புனிதரின் சிலையைத் தொட்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் நாம் நகர மாட்டோம். கண்ணாடியில் அது கறை. தினமும் துடைக்க ஆள் வேண்டும். வெண்கலமோ பனியில் கறுத்துப் பச்சை பூத்தாலும், தொடும் இடம் மட்டும் பொன்னாய் மினுங்கும்.

என் யோசனை: தேக்குக் கதவில் ஆறு வெண்கலப் பலகைகள், நிலைக்கு மேலே நீலக் கண்ணாடி. கீழ் வரிசைப் பலகைகள் மூன்றடி உயரத்துக்கு மேல் போகக் கூடாது. குழந்தைகளுக்கும் கூன் விழுந்த பாட்டிகளுக்கும் எட்ட வேண்டும்.