கை ஃபைலா, ரோட்டரியா, ரெசிப்ராக்கா: வேர் விரிசலுக்கு யார் மேல பழி போடுறது?

ரூட் கெனால் பண்ணின பல்லு சில வருஷம் கழிச்சு வேர்ல நெட்டுக்குத்தா பொளந்துக்குது, உடனே "மெஷின்ல பண்ணாங்கல்ல, அதான்"னு ஒரு பேச்சு. நிஜமாவே மெஷின் தானா?

வேருக்குள்ள இருக்கிற கெனால்ங்கிற குழாய சுரண்டி சுத்தம் பண்ற மெல்லிசு ஊசி மாதிரி கருவி தான் ஃபைல். கையால திருப்புறது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், டேப்பர் 2 சதவீதம், அதாவது நுனில இருந்து மேல ஏற ஏற மில்லிமீட்டருக்கு 0.02 மி.மீ. தான் தடிக்கும், அதனால உள்சுவர கம்மியா தான் சுரண்டும். ஆனா ரொம்ப நேரம் பிடிக்கும், வளைஞ்ச கெனால்ல ஸ்டீல் வெறப்பா நின்னு நேரா போகப் பாக்கும்.

ரோட்டரின்னா மெஷின் சுத்துற ஃபைல், நிக்கல் டைட்டானியம், நல்லா வளையும், வேலை சட்டுனு முடியும். டேப்பர் தான் பெருசு, ப்ரோடேப்பர்ங்கிற பிராண்டோட எஃப்2 ஃபைல் நுனிப் பக்கம் 8 சதவீதம். 2009ல ஒரு ஆய்வுல பிடுங்கின கீழ் ப்ரீமோலார்கள (கோரைப் பல்லுக்கும் கடவாய்ப் பல்லுக்கும் நடுவுல இருக்கிற பல்லு) எடுத்து, கெனால் பண்ணி, வேரை குறுக்கால அறுத்து பாத்தாங்க, ப்ரோடேப்பர் போட்டதுல 16 சதவீதம் பல்லுல விரிசல் மாதிரி குறை, கை ஃபைல்ல ஒண்ணுமே இல்ல. அப்புறம் ரெசிப்ராக், வேவ்ஒன்னு ஒரே ஃபைல்ல முன்னும் பின்னும் ஆடுற சிஸ்டம் வந்துச்சு (ரெசிப்ராக் 150 டிகிரி ஒரு பக்கம், 30 டிகிரி மறுபக்கம்), அது இன்னும் மோசம்னு சொன்ன ஆய்வும் வந்துச்சு.

ஆனா பிடுங்கி, பிளேடால அறுத்த பல்லுல விரிசல் எப்ப விழுந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? 2014ல இதே ரெசிப்ராக், வேவ்ஒன்ன வெச்சே அறுக்காம மைக்ரோ சிடிங்கிற நுணுக்கமான ஸ்கேன்ல முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு படம் எடுத்து ஒப்பிட்டாங்க, பின்னாடி தெரிஞ்ச விரிசல் அத்தனையும் முன்னாடியே இருந்தது. ஸோ ஃபைல் சண்டைல நான் எந்தப் பக்கமும் இல்ல, எவ்ளோ டென்டின (பல்லோட உள் கெட்டிப் பகுதி) காலி பண்ணாங்கன்னு தான் கேப்பேன்.

சுத்தம் பண்ணின கெனால அடைக்கிற முறைல தான் எனக்கு நெஜமான கவலை. லேட்டரல் கண்டன்சேஷன்ங்கிற முறைல குட்டா பெர்ச்சாவ (ரப்பர் மாதிரி அடைப்புப் பொருள்) ஸ்ப்ரெடர்ங்கிற கூரான கருவியால பக்கவாட்டுல நெருக்குவாங்க, கை பலம் கூடினா வேர் உள்ளேருந்து ஆப்பு அடிச்ச கட்டை மாதிரி விரியும். பயோசெராமிக் சீலர்ங்கிற பசையோட ஒரே ஒரு குட்டா பெர்ச்சா குச்சிய வைக்கிற சிங்கிள் கோன் முறைல அந்த நெருக்கல் இல்ல, நான் அதுக்கு தான் ஓட்டு போடுவேன், மேல் ப்ரீமோலார், கீழ் கடவாய்ப் பல்லோட முன் வேர் மாதிரி தட்டையான வேர்னா கண்டிப்பா. தடிமனா போஸ்ட் (மேல கட்டுறதுக்குத் தாங்கலா வேருக்குள்ள வைக்கிற கம்பி) எறக்கினாலும் இதே ஆப்பு கதை தான். கேப் போடாம விட்ட கடவாய்ப் பல்லு வேற தனி கேஸ், அது பெரும்பாலும் மேலேருந்து கீழ பொளக்கும், அதுக்கு ஃபைல திட்டி புண்ணியமில்ல.

வேர் பொளந்தா ஈறுல ஒரே ஒரு இடத்துல மட்டும் ப்ரோப் (ஆழம் அளக்கிற மெல்லிசு கம்பி) ஆழமா எறங்கும், எக்ஸ்ரேல விரிசல் நேரா தெரியாம சுத்தி கறுப்பா மட்டும் தெரியலாம். ஒத்தை வேர்னா பெரும்பாலும் பல்ல எடுக்கணும், கீழ் கடவாய்ப் பல்லுன்னா சில சமயம் பொளந்த பாதிய மட்டும் எடுத்துட்டு மீதிய காப்பாத்தலாம்.