குடும்பப் படங்களுக்காக வாங்கிய சினாலஜி டிஎஸ்224 பிளஸ்

என் தங்கையின் திருமணப் படங்கள் இருந்த எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க், ஒரு மாலை நான்கைந்து முறை ‘டிக், டிக்’ என்று தட்டிவிட்டு நின்றுபோனது. அவற்றில் பாதிக்கு மேல் இன்றுவரை மீளவில்லை. அதன் பிறகு வாங்கியதுதான் தைவான் நிறுவனமான சினாலஜியின் இந்த நாஸ் பெட்டி; அதாவது, வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து எல்லோரும் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி.

பெட்டியுடன் டிஸ்க் வராது. நாஸுக்கென்றே தயாரிக்கப்படும் 4 டிபி டிஸ்க்குகள் இரண்டைத் தனியாக வாங்கிப் பொருத்தினேன். ஒன்றில் எழுதப்படுவது மற்றொன்றிலும் அப்படியே பதிவாவதால், கையில் கிடைக்கும் இடம் 4 டிபிதான். சோதித்துப் பார்ப்பதற்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை உருவினேன். பெட்டி விடாமல் பீப் ஒலி எழுப்பியது. படங்கள் தடையின்றித் திறந்தன.

ஆனால் இந்த இரட்டைப் பதிவை பேக்கப் என்று நம்பிவிடக் கூடாது. தவறுதலாக ஓர் ஆல்பத்தை அழித்தால் அது இரண்டு டிஸ்க்குகளிலிருந்தும் அதே நொடியில் போய்விடும். 2022-இல் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்), இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைக்கப்பட்டிருந்த க்யூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளைப் பூட்டியபோது, எத்தனை டிஸ்க் இருந்தும் பயனில்லாமல் போனது. சினாலஜியின் விலை குறைந்த மாடலான டிஎஸ்223ஜெ-யை விட்டு இதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதில் இல்லாத ஸ்நாப்ஷாட் வசதி, அதாவது கோப்புகளின் முந்தைய நிலையைப் பதிந்துவைத்து மீட்கும் வசதி, இதில் இருப்பதே. அம்மா கைதவறி அழித்த கொலுப் படங்களை, முந்தைய இரவின் ஸ்நாப்ஷாட்டிலிருந்து இரண்டே நிமிடத்தில் மீட்டுக் கொடுத்தேன்.

ஸ்நாப்ஷாட்டும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது என்பதால், திருட்டுக்கும் தீக்கும் அது விடையாகாது. எனவே மாதம் ஒருமுறை சினாலஜியின் ஹைப்பர் பேக்கப் செயலி வழியாக யூஎஸ்பி டிஸ்க் ஒன்றில், கடவுச்சொல்லால் பூட்டிய இன்னொரு நகலை எடுத்துத் தங்கை வீட்டில் வைக்கிறேன். அந்தக் கடவுச்சொல்லும், ஹைப்பர் பேக்கப் தரும் சாவிக் கோப்பும் தொலைந்தால் நகலும் தொலைந்ததாகவே பொருள் என்பதால், கடவுச்சொல்லைத் தாளில் எழுதி இரு வீட்டிலும் வைத்திருக்கிறோம். மின்வெட்டு உள்ள ஊர்களில் யூபிஎஸ் ஒன்றும் அவசியம். யூஎஸ்பி கேபிளால் இணைத்துவிட்டால், பேட்டரி தீருமுன் பெட்டி தன்னைப் பாதுகாப்பாக நிறுத்திக்கொள்ளும்.

படங்களைப் பார்க்க சினாலஜி போட்டோஸ் செயலி போதுமானது. வீடியோவுக்காக வாங்க நினைப்பவர்கள், சினாலஜியின் வீடியோ செயலியான வீடியோ ஸ்டேஷன், 2024-இல் பெட்டியின் இயங்குதளமான டிஎஸ்எம்மின் 7.2.2 பதிப்போடு நீக்கப்பட்டதைக் கருத்தில் கொள்ள வேண்டும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஒவ்வொரு மாதமும் யூஎஸ்பி டிஸ்க்கில் நகலெடுக்கும்போது, பழைய நகலிலிருந்து நான்கு படங்களையாவது திறந்து பார்த்த பிறகே தங்கையிடம் கொடுக்கிறேன்.