இறந்தவருடன் பேச வைப்பதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள்: எங்கள் வீட்டில் பறிபோனது ரூ. 86,500

பாம்பன் முதல் தொண்டி வரையுள்ள கடற்கரை ஊர்களில், கடலுக்குப் போனவரின் உடல்கூடக் கரை சேராத குடும்பத்தினர் இந்தப் பதிவைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். கச்சான் காற்று பலமாக வீசிய நாளொன்றில் நாட்டுப்படகில் மன்னார் வளைகுடாவுக்குச் சென்ற என் தம்பி திரும்பி வரவில்லை. படகு கிடைத்தது; அவன் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாதவரைத்தான் இறந்தவராகக் கருத முடியும் என்கிறது சாட்சியச் சட்டம். அதுவரை அக்னி தீர்த்தத்தில் திதி கொடுப்பதா வேண்டாமா என்று அம்மாவும், பூ வைப்பதா வேண்டாமா என்று தம்பி மனைவியும் யாரிடமும் கேட்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தவிப்பைத்தான் ஒருத்தி காசாக்கினாள்.

நிமிடக் கட்டணத்தில் ஜோதிடமும் அருள்வாக்கும் சொல்லும் கைப்பேசிச் செயலி ஒன்றில், ஆவிகளுடன் பேசுபவர் என்று அவள் படம் போட்டிருந்தாள். காணொளி அழைப்பில் சாம்பிராணிப் புகைக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு, திடீரெனக் குரல் கம்ம, "அம்மா, குளிருதும்மா" என்றிருக்கிறாள். மகனைக் கடலில் பறிகொடுத்த தாய்க்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? அம்மா அன்றிரவே அவனுடைய போர்வையை எடுத்துத் திண்ணையில் விரித்து வைத்தார். நீரில் போன எவருடைய வீட்டிலும் இதே சொல் பலிக்கும் என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. தம்பியின் செல்லப்பெயரையும் அவன் மகளின் பெயரையும் சொன்னதும் வீட்டில் எஞ்சியிருந்த ஐயமும் போய்விட்டது.

அடுத்தடுத்து, ஆவி கடலில் கட்டுண்டு கிடக்கிறது, கட்டை அவிழ்க்கப் பூசை செய்ய வேண்டும் என்று பணம் கேட்டாள். நம்பாதவர்களிடம் சொன்னால் ஆவி திரும்ப வராது என்று மிரட்டி, என்னிடமிருந்தும் மறைக்க வைத்தாள். தோட்டை அடகு வைத்த பணமும் மகளிர் குழுக் கடனும் சேர்த்து மொத்தம் ரூ. 86,500, செயலிக்கு வெளியே ஒரு தனி எண்ணுக்குப் போயிருக்கிறது.

விஷயம் தெரிய வந்ததும், வீட்டில் பதிவு செய்து வைத்திருந்த உரையாடலை நான் கேட்டேன். "ஆவி" மகளைக் கூப்பிட்ட பெயரில் ஓர் எழுத்து தவறாக இருந்தது. ஊர் முனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் அச்சகத்தார் செய்த அதே பிழை! உறவினர் ஒருவர் அந்தப் பதாகையைப் படமெடுத்து முகநூலில் போட்டிருந்தார். பெற்ற தகப்பன் தன் மகளின் பெயரைப் பதாகையைப் பார்த்தா சொல்வான்? போதாததற்கு, அவன் விசைப்படகில் போனதாகவும் அவள் சொல்லியிருந்தாள். அமெரிக்காவில் 1848-இல் ஆவிகள் தட்டி ஓசை எழுப்புவதாகப் புகழ்பெற்ற ஃபாக்ஸ் சகோதரிகளில் ஒருவரான மார்கரெட், கால்விரல் மூட்டுகளைச் சொடுக்கித்தான் அந்த ஓசையை எழுப்பினோம் என்று 1888-இல் மேடையேறிச் செய்து காட்டினார். அத்தனை பழைய வித்தை இது. இன்றைக்குக் கால்விரல்கூடத் தேவையில்லை, முகநூலே போதும்.

கேள்வி கேட்டதும் அவள் எண்ணை முடக்கிவிட்டாள். செயலிக்காரர்களோ, ஆலோசகர்கள் தனிநபர்கள், நாங்கள் இணைத்து வைப்பவர்கள் மட்டுமே, வெளியே அனுப்பிய பணத்துக்குப் பொறுப்பில்லை என்றார்கள். மீண்டும் எழுதியபோது, உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்ற ஒரு வரியுடன் ரூ. 200 சலுகைத் தொகையைக் கணக்கில் வரவு வைத்தார்கள். ரூ. 86,500 எங்கே, ரூ. 200 எங்கே? அந்தச் சலுகையை வைத்து இன்னொரு குறிகாரியிடம் பேசலாமாம். காவல் நிலையத்திலும், நீங்களாகத்தானே அனுப்பினீர்கள் என்றுதான் முதலில் கேட்டார்கள். ஏமாற்றிப் பணம் பறிப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்படி குற்றம் என்று எடுத்துச் சொன்ன பிறகே மனுவை வாங்கினார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது எழுத முடிந்தது இவ்வளவுதான். அஞ்சலிப் பதாகையிலும் முகநூலிலும் குழந்தைகளின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் போடாதீர்கள். வீட்டாரிடம் சொல்லாதே என்று யார் சொன்னாலும் அந்த நொடியே அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பணம் அனுப்பிய விவரத்தையும் உரையாடலையும் அழிக்காதீர்கள். அந்தப் பெண் இன்னமும் அதே படத்துடன் அந்தச் செயலியில் அழைப்புகளை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.