நாய்க்குச் சொறி: வேப்பிலையா, ஷாம்பா, ஊசியா, மாத்திரையா?

எங்கள் நாகமலைப் பக்கம் சித்திரை பிறக்கும் முன்பே வெயில் ஏறிவிடும். கூடவே உண்ணியும் ஏறும். போன வருஷம் அந்த நேரத்தில்தான் எங்கள் செவலை தூக்கத்தைத் தொலைத்தது. நாலு வயது நாட்டு நாய். ராத்திரி முழுக்கக் காதைச் சொறியும். பின்னங்கால் முட்டி சிமெண்டுத் தரையில் டக் டக்கென்று அடிக்கும். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பெரும்பாலானவற்றைச் செய்து பார்த்தாகிவிட்டது. எது எதற்கு உதவும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் அம்மாவின் வைத்தியம்: வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது. இதில் கெடுதல் ஏதுமில்லை, லேசான எரிச்சல் அடங்கும். ஆனால் தோலுக்குள் துளைத்துக் குடியிருக்கும் சொறிப்பூச்சியை இது எட்டாது. வேப்பெண்ணெயை அப்படியே தடவாதீர்கள். நாய் நக்கினால் வயிற்றைப் புரட்டும். தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு நல்லது. காதிலும் விரலிடுக்கிலும் பிசுபிசுவென்று ஊறல் வாடை அடித்தால் அங்கே மட்டும் தடவ வேண்டாம். அது ஈஸ்ட், கொழுப்பைத் தின்று வளர்கிற கிருமி.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மாட்டு உண்ணிக்குப் பூண்டு, வசம்பு, வேப்பிலை, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி எல்லாம் அரைத்துத் தடவும் முறை நம் கிராமங்களில் உண்டு. மாட்டுக்கு அது சரி. நாய் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும், பூண்டோ நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மண்ணெண்ணெயும் பழைய இன்ஜின் ஆயிலும் பூசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தோல் வெந்துபோன ஒரு நாயைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அடுத்தது ஷாம்பு. மனிதர்களுக்கான சோப்பும் ஷாம்பும் நாய்க்கு ஒத்துவராது, அதன் தோலின் அமிலத்தன்மையே வேறு. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்தது சீழ்க்கொப்புளத்துக்கு. கீட்டோகொனசோல் என்ற பூஞ்சை மருந்தும் சேர்ந்தது ஈஸ்ட் வாடைக்கு. நுரை உடம்பில் 10 நிமிடம் ஊற வேண்டும். நம்மில் பெரும்பாலோர் தவறு செய்கிற இடம் இதுதான். எங்கள் போர் தண்ணீர் உப்பு என்பதால் நுரையே வராது. நான் ஒரு குடம் நல்ல தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி செவலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வாடை போனது. அரிப்பு போகவில்லை.

மூன்றாவதாக, ஒரு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை. ரெண்டே நாளில் சொறிவது நின்றது. எனக்கு அவ்வளவு நிம்மதி. நாய் மட்டும் சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தது, வாசலெல்லாம் சிறுநீர். மாத்திரை தீர்ந்த ஒரு வாரத்தில் காதோரம் முடி உதிர்ந்து, முன்னைவிட மோசமானது. அது ஸ்டீராய்டு என்று பிறகுதான் தெரிந்தது. ஒவ்வாமைக்கு டாக்டர் அளவு பார்த்துக் கொடுத்தால் அது நல்ல மருந்து. சொறிப்பூச்சி இருக்கும் உடம்பில் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துப் பூச்சிக்கு வழிவிட்டுவிடும். 2013-இல் வந்த ஓக்லாசிட்டினிப் மாத்திரை ஒவ்வாமை அரிப்பை வேறு வழியில் தடுக்கிறது. அந்தத் தாகம் வருவதில்லை. ஒரு வயது ஆகாத நாய்க்கு அதைக் கொடுக்கக் கூடாது.

அதற்குள் என் கையிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. நாயின் சொறிப்பூச்சி நம் மேலும் ஏறும் என்பதால், அதைப் பார்த்ததுமே கால்நடை டாக்டரம்மா செவலையின் காது மடல் ஓரத்தை ரெண்டு விரலால் தேய்த்தார். உடனே பின்னங்கால் தானாக அந்தரத்தில் சொறிய ஆரம்பித்தது. "சொறிப்பூச்சிதான் தம்பி" என்றார். தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது ஒன்றும் சிக்கவில்லை. இந்தப் பூச்சி பல நேரம் சிக்காது, அதனால் இல்லை என்று ஆகிவிடாது என்று சொல்லி மருந்து எழுதினார்.

இங்கேதான் ஊசியா, மெல்லும் மாத்திரையா என்ற கேள்வி. பக்கத்து வீட்டு அண்ணன், "ஒரு ஊசியப் போட்டு விடுங்க, ரெண்டே நாள்ல சரியாயிரும்" என்றார். அவர் சொன்னது ஐவர்மெக்டின். விலை குறைவு, சொறிக்கு வேலை செய்யும், ஆனால் ஒரு ஊசியோடு முடியாது. கோலி இன நாய்களுக்கும் அவற்றின் கலப்புக்கும் அது மூளைக்குள் போய் உயிரையே எடுத்துவிடலாம். தெருவில் எடுத்து வளர்க்கிற நாயின் கலப்பு யாருக்குத் தெரியும்? மெல்லும் மாத்திரையில் ஃபுளூரலனர் ஒன்று கொடுத்தால் 12 வாரம் வரை உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் தடுக்கும். அஃபாக்ஸோலனர் மாதம் ஒன்று. ரெண்டும் சொறிப்பூச்சியையும் கொல்லும். விலை கூட. வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இந்த வகை மருந்துகளுக்கு அந்த எச்சரிக்கையைக் கொடுத்தது. கையில் காசு இருந்தால் நான் மாத்திரையைத்தான் சொல்வேன்.

ஆனால் எல்லா அரிப்பும் சொறி அல்ல. எங்கே சொறிகிறது என்று பாருங்கள். வால் அடியிலும் இடுப்பிலும் கடித்தால் தெள்ளுப்பூச்சி: சீப்பால் வாரி, உதிரும் கறுப்புத் துகளை ஈரப் பஞ்சில் வையுங்கள், செம்பழுப்பாகக் கரைந்தால் அது பூச்சி குடித்த ரத்தம். காது மடல் ஓரம், முழங்கை, அடிவயிறு என்றால் சொறிப்பூச்சி. பாதத்தை நக்கிக்கொண்டே இருந்து, அக்குளும் முகமும் சிவந்தால் ஒவ்வாமை.

ஒவ்வாமையில் சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு. மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை இந்த நாலும்தான் அதிகம் சிக்குகின்றன. நம் வீடுகளில் கோழிக் கழிவும் தயிர்ச்சோறும்தானே போடுகிறோம். இதுவரை தின்னாத மீன் ஏதாவது ஒன்றோடு வெறும் சோறு, 8 வாரம், நடுவில் ஒரு பிஸ்கட்கூடக் கிடையாது. ரொம்பப் பொறுமை வேண்டும், பிள்ளைகள் கையைக் கட்டிப்போட வேண்டும்.

செவலைக்கு அரிப்பு அடங்க மூன்று வாரம் ஆனது. அது படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போட்டேன்; கூடப் படுக்கும் குட்டிக்கும் அதன் எடைக்கேற்ற மருந்து வாங்கினேன். உண்ணி முட்டையிடுவது நாயின் மேல் அல்ல, சுவர் வெடிப்பில். கொட்டகைச் சுவரில் இருந்த வெடிப்பையெல்லாம் சிமெண்டு வைத்துப் பூசினேன். காதோரம் மறுபடி முடி முளைத்திருக்கிறது. ராத்திரியில் அந்த டக் டக் சத்தம் இப்போது கேட்பதில்லை.