லிண்டலில் திணறும் டிரில்: இம்பாக்ட் டிரில்லும் ரோட்டரி ஹாமரும் நீண்ட காலப் பயன்பாட்டில்

வீட்டுக்கு டிரில் வாங்குபவர்கள் பெரும்பாலும் 13 மி.மீ. வரையான பிட் (துளையிடும் முனைக்கம்பி) மாட்டக்கூடிய இம்பாக்ட் டிரில்லில்தான் தொடங்குகிறார்கள். செங்கல் சுவருக்கு அது தாராளமாகப் போதும். மாட்டிக்கொள்வது திரைச்சீலை பிராக்கெட் பொருத்தும்போதுதான். ஜன்னலுக்கு நேர் மேலே இருப்பது செங்கல் அல்ல, லிண்டல் கான்கிரீட். பூச்சு 12, 15 மி.மீ. வரை பிட் சுலபமாக இறங்கும், அதன்பின் நின்ற இடத்திலேயே சுற்றும். பூச்சைத் தாண்டியபின் தூள் சிவப்பாக வந்தால் செங்கல். சாம்பல் நிறத்திலேயே தொடர்ந்தால் கான்கிரீட்.

இம்பாக்ட் டிரில்லுக்குள் பல் வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி ஏறி இறங்கும். அடி அதிலிருந்துதான் வருகிறது. நாம் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் அடி. ஜல்லியில் பிட் முட்டினால் எவ்வளவு அழுத்தினாலும் சூடுதான் மிச்சம். சில வருடங்களில் அந்தப் பற்கள் மழுங்கி, இருந்த அடியும் குறைந்துவிடும்.

இதற்கு மாற்றான ரோட்டரி ஹாமரில் பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று உள்ளே இருக்கும் சுத்தியலைத் தள்ளி அடிக்கிறது. அதனால் பலமாக அழுத்தத் தேவையில்லை. மெஷினை நேராகப் பிடித்தால் போதும். இம்பாக்ட் டிரில் நிமிடக்கணக்கில் திணறும் 8 மி.மீ. துளையை இது சில நொடிகளில் முடித்துவிடும். வாங்கும்போது வாட்ஸை மட்டும் பார்க்காதீர்கள், ஒவ்வொரு அடியின் ஆற்றலைக் காட்டும் ஜூல் எவ்வளவு என்று பாருங்கள். எஸ்.டி.எஸ். பிளஸ் (பிட்டை முறுக்காமல் செருகி மாட்டும் அமைப்பு) வகையில் 2 முதல் 3 ஜூல் வீட்டு வேலைக்கு நிறைவானது. அதைவிடப் பெரியதை ஏணி மேல் நின்று தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பது கொடுமை.

கான்கிரீட்டில் அடுத்த தடை கம்பி. கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதிப்படி பில்லரில் பிரதானக் கம்பிக்கு முன்னால் பொதுவாக 40 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும். சாதாரணச் சூழலில் சீலிங் சிலாபில் 20 மி.மீ. போதும். சீலிங்கில் கம்பி சீக்கிரம் தட்டுவது இதனால்தான். சத்தம் கணீரென்று மாறி, பிட் இறங்காமல் நின்றால் உடனே நிறுத்துங்கள். விடாப்பிடியாக ஓட்டினால் கார்பைடு முனை உடையும். 3 செ.மீ. தள்ளி வேறு துளை போடுங்கள். பீம், பில்லர் கம்பியை வெட்டிப் போக நினைக்கவே கூடாது. சூடேறிய பிட்டைத் தண்ணீரில் முக்குவதும் தவறு. திடீர்க் குளிர்ச்சியில் முனை விரிசல் விடும்.

திருகைப் பிடிக்கத் துளையில் செருகும் பிளக் பிடிக்காமல் போவதற்கு முக்கியக் காரணம் துளைக்குள் தங்கும் தூள். 8 மி.மீ. நைலான் பிளக்கின் நீளம் 40 மி.மீ. என்றால் துளை 55 மி.மீ. ஆழம் வேண்டும். பிட்டில் அந்த அளவுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். துளைத்தபின் பிட்டைச் சுற்றவிட்டபடியே இரண்டு மூன்று முறை உள்ளே வெளியே இழுத்து, பம்பால் ஊதுங்கள். வாயால் ஊதினால் தூள் கண்ணுக்கே வரும். கண்ணாடியும் என்95 மாஸ்க்கும் கட்டாயம். கான்கிரீட் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும்.

பழைய பிட் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். முனை தேயத் தேயத் துளையின் குறுக்களவு குறையும். பிளக் பாதியில் நின்று, சுத்தியலால் தட்டினால் மடங்கினால், பிளக்கைக் குறை சொல்லாமல் பிட்டை மாற்றுங்கள்.

ஏ.ஏ.சி. (காற்றறைகள் நிறைந்த இலகு கான்கிரீட்) பிளாக் சுவரிலும் டைல்ஸிலும் அடியை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் மட்டும் ஓட்ட வேண்டும். டைல்ஸுக்குத் தனி பிட் உண்டு; மேலே மாஸ்கிங் டேப் ஒட்டினால் முனை வழுக்காது. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் ஒயர் பைப் போகும், குழாய்க்கு நேர் மேலே தண்ணீர் லைன் இருக்கும். அந்தக் கோடுகளை விட்டு விலகுங்கள்.

ஹாமருக்குப் பராமரிப்பு அதிகமில்லை. ஒவ்வொரு முறையும் பிட்டின் பின்முனையைத் துடைத்து, பட்டாணி அளவு கிரீஸ் தடவிச் செருகுங்கள். சீலிங் வேலைக்கு, காகிதக் கப்பின் அடியில் ஓட்டையிட்டு பிட்டில் கவிழ்க்காமல் மாட்டிவிட்டால் தூள் அதில் விழும், பிட்டைப் பிடிக்கும் சக்குக்குள் இறங்காது. மோட்டாரில் பொறி அதிகமாகத் தெரிந்தால் மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.