இரவல் மூக்கு

ஒன்பது ஆண்டுகள் கழித்து சிங்கப்பூர் வந்த எனக்கு, இந்தப் பயணத்தில் மனத்தை விட்டு அகலாதது ஒரு மூக்கு. அதுவும் என்னுடையது அல்ல.

மான்செஸ்டரில் இந்த மூக்கடைப்புக்கு நிபுணரைப் பார்க்க ஏழு மாதமாகக் காத்திருக்கிறேன். இங்கே திங்கட்கிழமை தொலைபேசியில் கேட்டேன். புதன்கிழமை காலை பத்தே காலுக்கு வரச் சொன்னார்கள். பத்தே காலுக்கு உள்ளே அழைத்தும்விட்டார்கள்! அன்றே ஸ்கேன், வெள்ளிக்கிழமை முடிவு. வரிசைச் சீட்டோடு அம்மா மடியில் தூங்கி வழிந்த காலத்தை நினைத்துக் கண் கலங்காத குறைதான்.

வெள்ளிக்கிழமை, மருத்துவர் வருவதற்குள் உதவியாளர் தம்பி ஒருவர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். கண்ணாடியில் வார்த்ததுபோல ஒரு மூக்கு. உள்ளே போகும் காற்று மெல்லிய கோடுகளாக நீலத்தில் தொடங்கி, போகப் போகச் சிவக்கிறது. குளிரூட்டிய அறைக் காற்று, நான்கு அங்குலம் கடப்பதற்குள் 34 பாகையை நெருங்கிவிடுமாம். மூக்குத் துளைக்குச் சற்று உள்ளே குறுகலான ஓரிடத்தில் கோடுகள் முண்டியடித்தன; மூக்கு தரும் தடையில் பெரும்பங்கு அங்கேதான் என்றார்.

ஸ்கேன் படங்களை அடுக்கி, மூக்கின் உட்குழியை மட்டும் பிரித்தெடுத்து, அதை லட்சக்கணக்கான பொடிக் கட்டங்களாக நறுக்கி, காற்றும் நீரும் ஓடும் விதத்தைச் சொல்லும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைக் கட்டம் கட்டமாகக் கணினி தீர்க்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பவரின் மூச்சு, நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதில் மணம் அறியும் மேற்பகுதிக்குப் போவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். தேக்கா சந்தையின் மீன் பக்கம் நடந்து வந்தவளுக்கு அதுவே தாராளம்.

நான் உருகிவிட்டேன். நடுச்சுவர் வளைந்திருப்பது அப்பா வழியோ? வலது பக்கம் ஏன் இவ்வளவு மெலிவு? பத்து நிமிடம் கேட்டபின் தம்பி நெளிந்தார்.

“அக்கா, இது உங்கள் மூக்கு இல்லை. மாதிரிப் படம்.”

முதலிலேயே சொல்லியிருக்கலாமே! யாரோ ஒருவருடைய நடுச்சுவருக்காக நான் ஏன் கவலைப்பட வேண்டும்? என் ஸ்கேனை வைத்து இப்படிச் செய்ய மணிக்கணக்கில் கணக்குப் போட வேண்டும், இது பெரும்பாலும் ஆராய்ச்சிக்குத்தான் என்றார். என் மூக்கை ஒரு குறுந்தட்டில் பதிந்து கையில் கொடுத்தார்கள். எதற்கெடுத்தாலும் சிங்பாஸ் என்னும் மின்னடையாளம் கேட்கும் ஊரில் குறுந்தட்டு! என் மடிக்கணினியில் அதைச் செருக இடமே இல்லை. மருத்துவர் என்ன சொன்னார் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. மூக்கில் அடிக்கும் மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார்.

தோ பாயோ வீட்டில் அம்மா கோடரித் தைலத்தை மூக்கருகே தேய்த்ததும் ‘திறந்துவிட்டது’. தம்பி இதையும் விளக்கியிருந்தார். தைலத்தில் இருக்கும் மெந்தால் வழியைக் கொஞ்சமும் அகலமாக்குவதில்லை. குளிர்ச்சி அறியும் நரம்பைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். காற்று பட்டு உள்சவ்வு குளிர்வதைத்தான் நாம் மூச்சு தாராளமாகப் போவதாக உணர்கிறோம். அறுவை சிகிச்சையில் மூக்கின் உட்சதையை அளவுக்கு மீறி வெட்டிக்கொண்டவர்களில் சிலர், வழி அகலமாகக் கிடந்தும் அடைக்கிறது என்று தவிப்பது இதனால்தானாம்.

அம்மாவிடம் அத்தனையும் ஒப்பித்தேன். அவர் குறுந்தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதையாவது உன்னுடையதுதானா என்று கேட்டு வாங்கினாயா?”