ஆஸ்திரேலியத் தொழிற்கல்வி: கட்டணம் கட்டுமுன் திறக்க வேண்டிய பதிவேடுகள், கட்டிய பின் காப்பவை

சமையல், முதியோர் பராமரிப்பு, வாகனப் பழுதுபார்ப்பு போன்ற படிப்புகளுக்காக ஆஸ்திரேலியாவில் சேரும் வெளிநாட்டு மாணவருக்கு அந்த நாட்டு அரசு சில சேவைகளை இலவசமாகவே வைத்திருக்கிறது. தேசியப் பயிற்சிப் பதிவேடு, வெளிநாட்டு மாணவருக்கு நடத்த அனுமதி பெற்ற கல்லூரிகளையும் படிப்புகளையும் பட்டியலிடும் கிரைகோஸ் பதிவேடு, யூஎஸ்ஐ எனப்படும் மாணவர் அடையாள எண், டிபிஎஸ் எனப்படும் கட்டணப் பாதுகாப்புச் சேவை, குறைகேட்பு அலுவலகங்கள் ஆகியவையே அவை. எல்லாமே உண்மையில் வேலை செய்பவை. ஆனால் பதிவில் இருப்பதையும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருப்பதையும் மட்டுமே அவை கணக்கில் எடுக்கும். ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொன்னது எங்கும் செல்லாது.

இவற்றில் நாங்கள் முதலிடம் தருவது தேசியப் பயிற்சிப் பதிவேட்டுக்கு. ஆஃபர் லெட்டரில் உள்ள படிப்புக் குறியீட்டை அதில் தேட வேண்டும். எஸ்ஐடி40521 என்றால் சமையலறை மேலாண்மையில் சான்றிதழ் 4. முதல் மூன்று எழுத்துகள் சுற்றுலா, விருந்தோம்பல் துறையையும், அடுத்து வரும் 4 சான்றிதழின் படியையும், கடைசி இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் சொல்கின்றன. படிப்பு நடப்பில் இருக்கிறதா, புதிய பதிப்பு வந்துவிட்டதா என்பது பக்கத்தின் மேலேயே தெரியும். புதிய பதிப்பு வந்த பிறகு பழையதை முடிக்கப் பொதுவாக ஓராண்டு அவகாசம்தான். 2 ஆண்டுப் படிப்புக்குப் பழைய குறியீட்டில் ஆஃபர் வந்தால், எப்போது புதியதற்கு மாற்றுவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதே இடத்தில் கல்லூரியின் பெயரையும் தேடுங்கள். பதிவு பெற்ற கல்லூரியாகவே இருந்தாலும் குறிப்பிட்ட அந்தப் படிப்பை நடத்த அனுமதி இல்லாமல் இருக்கலாம்.

பதிவேட்டின் அருமை இன்னும் உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பீட்டு நிபந்தனைகள் என்றொரு பக்கம் உண்டு, விளம்பரத் தாள்கள் மறைப்பதெல்லாம் அங்கே கிடைக்கும். தனிநபர் பராமரிப்புச் சான்றிதழ் 3 (சிஎச்சி33021) பெறக் குறைந்தது 120 மணி நேரம் உண்மையான பணியிடத்தில் பயிற்சி பெற்றாக வேண்டும். சமையற்கலைச் சான்றிதழில் 48 உணவு பரிமாறும் வேளைகளில் அடுப்படியில் நின்று வேலை செய்து காட்ட வேண்டும். இந்தப் பயிற்சியிடத்தை யார் ஏற்பாடு செய்வார்கள் என்பதற்குக் கல்லூரி தெளிவாகப் பதில் சொல்லவில்லை என்றால் அந்தக் கல்லூரியில் சேர வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வகுப்பெல்லாம் முடிந்து, பயிற்சியிடம் கிடைக்காததால் மட்டும் சான்றிதழ் நின்றுபோவது இந்தத் துறையின் பழைய நோய். இந்தத் தளத்தின் ஒரே குறை, அது பயிற்றுநர்களின் மொழியில் எழுதப்பட்டிருப்பது. புதிதாக வரும் மாணவருக்கு முதல் அரை மணி நேரம் தலை சுற்றும். பொறுமையாகப் படித்தால் பிடிபட்டுவிடும்.

கிரைகோஸ் இதைவிட எளிது. மாணவர் விசாவில் இருப்பவருக்குப் பாடம் நடத்த, கல்லூரிக்கு ஒரு கிரைகோஸ் குறியீடும் படிப்புக்குத் தனியாக இன்னொன்றும் வேண்டும். படிப்பின் பக்கத்தில் வாரக் கணக்கு, கற்பிப்புக் கட்டணம், பிற கட்டணம், பணிப் பயிற்சி மணி நேரம், நடக்கும் இடம் எல்லாம் இருக்கும். ஆஃபர் லெட்டரைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். தொகை கூடியிருந்தால் காரணம் கேளுங்கள். படிப்பின் பகுதியாகப் பதிவான பணிப் பயிற்சி, விசா அனுமதிக்கும் இரு வாரத்துக்கு 48 மணி நேர வேலை வரம்பில் சேராது. பதிவில் இல்லாமல் 'பயிற்சி' என்ற பெயரில் கல்லூரி அனுப்பும் வேலைக்கு அந்தச் சலுகை கிடையாது.

பலர் தடுக்கி விழுவது தொகுப்புச் சேர்க்கையில். சான்றிதழ் 3, பிறகு சான்றிதழ் 4, பிறகு டிப்ளமோ என்று ஒரே விசாவில் சேர்ப்பார்கள். முதன்மைப் படிப்பில் 6 மாதம் முடியும் முன் கல்லூரி மாற வேண்டுமானால், பொதுவாக இப்போதைய கல்லூரி விடுவிக்க வேண்டும். முதன்மைப் படிப்பு என்பது வழக்கமாகத் தொகுப்பின் கடைசிப் படிப்பு. ஆகவே முதல் சான்றிதழைத் தொடங்கி 6 மாதம் ஆகிவிட்டது என்று கணக்குப் போட்டுக் கிளம்பினால் சிக்கல். இன்னொன்று, ஏக்யூஎஃப் எனப்படும் 10 நிலைத் தகுதிச் சட்டகம். அதில் டிப்ளமோ 5ஆம் நிலை, இளநிலைப் பட்டம் 7. பட்டப்படிப்புக்கு விசா வாங்கிவிட்டு டிப்ளமோவுக்கு இறங்கினால் விசாவின் 8202ஆம் நிபந்தனையை மீறியதாகிவிடும். அதற்குப் புது விசா கேட்க வேண்டும். கல்லூரிக்கு ஆள் பிடிப்பவர் இதைச் சொல்லமாட்டார்.

டிபிஎஸ் 2012இல் வந்தது. கல்லூரி மூடினாலோ படிப்பைத் தொடங்காமல் விட்டாலோ, 14 நாளுக்குள் மாற்றுப் படிப்போ பணமோ தருவது கல்லூரியின் கடமை. தவறினால் டிபிஎஸ் மாற்று இடம் தேட உதவும், கிடைக்காவிட்டால் இன்னும் பாடம் நடக்காத காலத்துக்கான கற்பிப்புக் கட்டணத்தைத் திருப்பித் தரும். வீட்டு வாடகை, விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு எதுவும் அதில் வராது. நீங்களாகப் படிப்பை விட்டு விலகினாலும் வராது, அங்கே ஒப்பந்தத்தின் பணம் திருப்பும் விதிதான் பேசும். கையெழுத்திடும் முன் அந்தப் பக்கத்தை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். 25 வாரத்துக்கு மேற்பட்ட படிப்புக்கு, தொடங்கும் முன் கற்பிப்புக் கட்டணத்தில் 50 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கல்லூரிக்கு உரிமையில்லை. விரும்பினால் நீங்கள் கூடுதலாகக் கட்டலாம், கட்ட வேண்டாம் என்பதே எங்கள் யோசனை.

விசா மறுக்கப்பட்டு, அதனால் படிப்பையே தொடங்க முடியாமல் போனால் கணக்கு தெளிவு. கட்டிய தொகையில் 5 சதவீதம் அல்லது 500 டாலர், இரண்டில் எது குறைவோ அதை மட்டும் கல்லூரி பிடிக்கலாம். 8,000 டாலர் கட்டியிருந்தால் 400 போக 7,600 வர வேண்டும். 15,000 கட்டியிருந்தால் 14,500. இதற்கான கெடு 4 வாரம்.

யூஎஸ்ஐ பத்து எழுத்தெண்கள் கொண்ட மாணவர் அடையாளம். 2015இலிருந்து தொழிற்கல்விச் சான்றிதழ் தர இது கட்டாயம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் பதியுங்கள். தந்தை பெயர், இனிஷியல், ஒற்றைப் பெயர் ஆகியவற்றைக் கல்லூரி ஒரு விதமாகவும் நீங்கள் வேறு விதமாகவும் எழுதினால் சரிபார்ப்பு நின்றுவிடும். எல்லாம் முடித்துக் கட்டணமும் செலுத்திய 30 நாளில் சான்றிதழ் கைக்கு வர வேண்டும். யூஎஸ்ஐ எண்ணில் சேரும் மின் பதிவில் கல்லூரி அனுப்பியது மட்டுமே தெரியும் என்பதால் ஒவ்வொரு பருவமும் எட்டிப் பாருங்கள். பணிப் பயிற்சிக் குறிப்பேடு, மதிப்பீட்டுத் தாள்களின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். முறையான பயிற்சியின்றி வழங்கப்பட்டவை என்று 2024 இறுதியிலிருந்து ஆயிரக்கணக்கான சான்றிதழ்களைக் கண்காணிப்பு அமைப்பான ஆஸ்க்வா ரத்து செய்திருக்கிறது.

தகராறு வந்தால் ஆஸ்க்வாவிடம் பணம் வாங்கித் தரச் சொல்லிக் காத்திருக்காதீர்கள். அது கல்லூரிகளைக் கண்காணிக்குமே தவிர, தனி ஒருவரின் வழக்கைத் தீர்த்து வைக்காது. முதலில் கல்லூரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், 10 வேலை நாளுக்குள் அவர்கள் விசாரணையைத் தொடங்க வேண்டும். வருகையோ முன்னேற்றமோ போதவில்லை என்று குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்கப்போவதாகக் கடிதம் வந்தால், மேல்முறையீட்டுக்கு 20 வேலை நாள் உண்டு. தனியார் கல்லூரியில் தீர்வு கிடைக்காவிட்டால் காமன்வெல்த் ஆம்புட்ஸ்மன் எனப்படும் மத்திய அரசின் குறைகேட்பு அதிகாரியிடம் போகலாம், டேஃப் எனப்படும் அரசுத் தொழிற்கல்லூரி என்றால் மாநில ஆம்புட்ஸ்மனிடம். பல்கலைக்கழக மாணவர்களுக்கு 2025 பிப்ரவரி 1 முதல் தேசிய மாணவர் ஆம்புட்ஸ்மன் தனியாக இருக்கிறார். எவரும் கட்டணம் வாங்குவதில்லை. கல்லூரியே மூடிப்போய், முடித்த பாடங்களுக்குக் காகிதம் இல்லாமல் நிற்பவர் மட்டும் ஆஸ்க்வாவிடம்தான் எழுத வேண்டும். மூடிய கல்லூரிகள் ஒப்படைத்த மாணவர் பதிவுகள் அங்கேதான் இருக்கின்றன.